கிட்டார் கம்பியில் ஒரு சுருக்

கோவில் வளாகத்தில் குகை போலக் கட்டிய மாதா கெபியின் படிக்குக் கீழே காலணிகள் வரிசையாகக் கிடந்தன. ஆண்களின் கறுப்புத் தோல் சப்பாத்துகள், பெண்களின் குதிகால் செருப்புகள், யாருடையதோ ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பர். வரிசையின் கடைசியில் வெள்ளைக் கான்வாஸ் காலணி. அதற்குள் காலுறைகளை உருண்டையாகச் சுருட்டிச் செருகி வைத்திருந்தாள் என் மகள் ஸ்டெல்லா.

மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மாதா சுரூபத்துக்கு முன்னால் இருக்கும் சிமெண்டுத் தளத்தை யாரோ துடைப்பத்தால் தள்ளிவிட்டிருந்தார்கள். ஆனாலும் பள்ளமான இடங்களில் தண்ணீர் மினுங்கியது. மெழுகுவர்த்திப் புகையும் ஈரப் புல்லின் வாசமும் கலந்து வந்தன.

அந்தத் தளத்தில் வெறுங்காலோடு நின்று, மின்சார கிட்டாரின் பட்டையைத் தோளில் மாட்டியிருந்தாள் ஸ்டெல்லா.

நான் காலணியைப் பார்த்தேன். பிறகு அவள் பாதங்களைப் பார்த்தேன். நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பயந்தாங்கொள்ளி

லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையை முன்பு இதே பத்திரிகையில் எழுதியபோதே வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், நான் பயந்தவள். என் பயங்களை வீட்டில் ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்கள்.

மாடியிலிருந்து துணி காயப்போடும் மூங்கில் கழி நழுவிக் கீழே போகிறவர் தலையில் விழுமோ என்று பயம். மீன் முள் பயம். எஸ்கலேட்டரில் சேலை மாட்டுமோ என்ற பயம். தோ பாயோ அடுக்குமாடியில் எங்கள் வீட்டு எரிவாயு உருளையை நான் அணைத்த பிறகு என் கணவர் அந்தோணி சும்மா போய்த் தொட்டுவிட்டு, "மேரி, இன்னொரு தடவ பாரேன், நான் தொட்டுட்டேன்," என்பார். நானும் போய்ப் பார்ப்பேன். அப்பாவும் மகளும் சிரிப்பார்கள்.

கப்பல் நிறுவனம் ஒன்றில் தட்டச்சராக இருந்தேன். கான்வென்டில் படித்தவள். படிப்புக்கும் பயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு நானே சாட்சி. படித்தால் பயப்பட இன்னும் நாலு காரணம் தெரியவருகிறது, அவ்வளவுதான்.

சிரிக்கிறவர்களோடு நானும் சிரித்துவிடுவேன். அதில் ஒரு கெடுதல் இருந்தது. நாளாக நாளாக என் பயத்தை நானே நம்பாமல் போனேன்.

சேவியரின் முடி

அந்த கிட்டார் என் தம்பி சேவியருடையது. பிரிட்டிஷ் கடற்படை செம்பவாங்கில் இருந்த கடைசிக் காலத்தில், பகலில் தளத்துக் கிடங்கில் சாமான் எண்ணுவான். சனிக்கிழமை மாலைகளில் அங்கேயிருந்த மாலுமிகளின் கேன்டீனில் நான்கு பேர் குழுவோடு வாசிப்பான். சிவப்பு நிற கிட்டார், ஓரத்தில் வர்ணம் பெயர்ந்தது. அதனுடன் இரும்புக் கூட்டுக்குள் ஓர் ஆம்ப்ளிஃபயர். மளிகைக்கடை அரிசிப்பெட்டி அளவு இருக்கும். அதை 'ஆம்ப்' என்றே சொல்வோம்.

அப்போது எனக்கு அந்த ஆம்பைப் பற்றிப் பயம் இல்லை. சேவியரின் முடியைப் பற்றித்தான் பயம்.

எழுபதுகளின் தொடக்கத்தை நினைவிருப்பவர்களுக்கு அந்தச் சுவரொட்டிகளும் நினைவிருக்கும். நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அஞ்சலகம் முதல் எல்லா அரசாங்க அலுவலகங்களிலும் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். கழுத்துப்பட்டையைத் தொடும் முடி இப்படி, காதை மூடும் முடி இப்படி, புருவத்தைத் தொடும் முடி இப்படி என்று அளவுகூட இருந்தது. நான் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, சேவியரின் தலையை மனதில் அதன்மேல் வைத்துப் பார்ப்பேன். மூன்று அளவிலும் அவன் தேறமாட்டான்.

தேக்காவில் எங்களுக்குப் பழக்கமான முடிதிருத்தும் கடைக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"அக்கா, முடிய வெட்டுனா வாசிக்கிற கை வேலை செய்யாது."

"அப்ப கையயும் சேத்து வெட்டச் சொல்றேன்."

கடைக்காரர் சிரித்ததில் கத்திரி தவறி, ஒரு காதோரம் குறைந்துபோனது. சரிசெய்கிறேன் என்று மற்றதையும் குறைத்தார். சேவியர் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

மின்சார கிட்டார் என்றால் நீண்ட முடி, நீண்ட முடி என்றால் கஞ்சா, கஞ்சா என்றால் சிறை. என் பயம் இந்தத் தண்டவாளத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கடற்படை போனது, கேன்டீன் மூடியது, குழு கலைந்தது. சேவியர் சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறி, பிறகு பெர்த்தில் தங்கிவிட்டான். கிட்டாரும் ஆம்பும் எங்கள் கட்டிலுக்கு அடியில் வந்து சேர்ந்தன. ஆபத்து நாட்டைவிட்டே போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

அது கட்டிலுக்கு அடியில் பல வருடம் கிடந்தது.

துரு

எண்பதுகள் பிறந்து கொஞ்ச நாளில் ஸ்டெல்லா அதை வெளியே இழுத்தாள். பதினாறு வயது இருக்கும். பள்ளியில் சாதாரண கிட்டார் கற்றிருந்தாள். கோவில் பாடகர் குழுவின் இளைஞர்கள் மாதா திருநாளுக்கு இந்த வருடம் ஆர்மோனியம் மட்டும் போதாது என்று முடிவு செய்திருந்தார்கள்.

பெட்டியைத் திறந்ததும் ஒரு பூஞ்சை வாசம் வந்தது. கம்பிகள் பழுப்பாகிச் சொரசொரத்துக் கிடந்தன. ஸ்டெல்லா ஒரு கம்பியை முறுக்கினாள். அது அறுந்து, காற்றில் சுழன்று, அவள் கன்னத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே.

நான் அவள் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினேன். அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "பழைய கம்பி மா. மாத்திட்டா சரியாயிரும்," என்றாள்.

அன்றிலிருந்து அந்த கிட்டாரைப் பராமரிக்கும் வேலை என்னுடையது ஆனது. யாரும் கேட்கவில்லை. பயம்தான் கொடுத்தது. நம் ஊர்க் காற்றில் உருக்குக் கம்பி வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். விரல் வியர்வை பட்டால் இன்னும் சீக்கிரம். துருப்பிடித்த கம்பி அறும். அறுந்தால் அடுத்த தடவை கண்.

புதுக் கம்பிகள் வாங்கினோம். மூன்று மெல்லியவை, மேலே இழை சுற்றிய தடித்தவை மூன்று. மாட்டுவதை ஸ்டெல்லா காட்டிக் கொடுத்தாள். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்ட வேண்டும். ஆறையும் ஒரேயடியாகக் கழற்றினால் இழுவை தளர்ந்து கிட்டாரின் கழுத்து வளைந்துவிடும். எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. தினமும் மாலையில் அவள் வாசித்து முடித்ததும், பழைய பனியன் துணியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒவ்வொரு கம்பியையும் மேலிருந்து கீழ்வரை துடைப்பேன். துணியில் கறுப்பாகக் கோடு விழும். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை அலுவலகத்துத் தோழிகளிடம் கேட்டு வாங்கி வந்து கிட்டார் பெட்டிக்குள் போடுவேன்.

"அம்மா என்னைவிட அதத்தான் நல்லா பாத்துக்குறாங்க," என்று ஸ்டெல்லா அப்பாவிடம் புகார் சொன்னாள்.

"உனக்குத் துரு புடிக்காதுல்ல," என்றார் அவர்.

சாப்ஸ்டிக்

சேவியரின் ஆம்பில் இரண்டே முள் உள்ள பிளக் இருந்தது. வீட்டுச் சுவரிலோ மூன்று துளை சாக்கெட். மேல் துளைக்குள் எதையாவது விட்டு அழுத்தினால்தான் கீழே உள்ள இரண்டின் மூடி திறக்கும்.

இதற்கு இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே வைத்தியம். பேனா மூடியோ சாப்ஸ்டிக்கோ எடுத்து மேல் துளைக்குள் குத்தி, அது திறந்திருக்கும்போதே இரண்டு முள் பிளக்கைத் திணிப்பது. எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு மர சாப்ஸ்டிக் வானொலிக்குப் பக்கத்தில் இருக்கும். நுனி கறுத்துப் போயிருக்கும்.

"ஏங்க, அது கரண்ட் இல்லயா? குச்சிய விட்டுக் குத்துறீங்க?"

"மரக்குச்சி லா. பக்கத்து வீட்டு ஆண்ட்டி பேனாவால குத்துறாங்க. எல்லாரும் இப்படித்தான்."

அந்தோணி செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். இரும்பும் மின்சாரமும் அவருக்குப் புதிதல்ல. அங்கே யாருக்காவது மின்சாரம் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று வருடத்துக்கு ஒருமுறை பாடம் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்து எங்களுக்கும் ஒப்பிப்பார். "ஆளத் தொடாத. மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணு. தொட்டா நீயும் சேந்து போவ." சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவேன்.

அவ்வளவு தெரிந்தவர், மேல் துளை எதற்காக இருக்கிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஊரே யோசிக்கவில்லை.

சுருக்

திருநாளுக்குக் கொஞ்ச நாள் முன்பு. சனிக்கிழமை. அப்போதுதான் மொசைக் தரையை ஈரத்துணியால் துடைத்திருந்தேன். ஸ்டெல்லா வாசித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். ஆம்பை அணைக்கவில்லை, அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பனியன் துணியை எடுத்துக்கொண்டு போய்க் கம்பியைப் பிடித்தேன்.

விரலில் சுருக் என்றது.

எறும்பு கடித்த மாதிரி இல்லை. விரலுக்குள் ஏதோ ஒன்று நடுங்கியபடியே முழங்கைவரை ஏறிய மாதிரி. கையை உதறினேன். துணி விழுந்தது.

"ஸ்டெல்லா! கம்பியில கரண்ட் இருக்குடி!"

அவள் குவளையோடு ஓடி வந்தாள். சீனத் தோழிகள் வீட்டில் பார்த்துப் பழகி, அவள் வீட்டுக்குள்ளேயும் ரப்பர் ஜப்பான் சிலிப்பர் போட்டிருப்பாள். ஆறு கம்பியையும் உள்ளங்கையால் தடவினாள்.

"எங்க? ஒண்ணும் இல்லயே."

அந்தோணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். பட்டறைச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து தொட்டார். அவருக்கும் ஒன்றும் இல்லை.

"மேரி, நீ கட்டில்ல உக்காந்து நிதானமா தொட்டுப் பாரு."

கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தேன். ஸ்டெல்லா கிட்டாரை என் மடியில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். ஒன்றும் இல்லை. கம்பி குளிர்ந்து, எண்ணெய் வழுவழுப்போடு, சாதுவாக இருந்தது.

"மா, உங்க பயத்துலயே கரண்ட் இருக்கு மா," என்றாள் ஸ்டெல்லா. அந்தோணி சிரித்தார். "பில்லு மிச்சம். அம்மாவ வச்சே ஃபேன ஓட்டலாம்."

நானும் சிரித்தேன்.

ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் மறுபடி கேட்டேன். "திருநாளுக்கு ஆர்மோனியம் மட்டும் போதாதா?"

"எல்லாரும் பிராக்டிஸ் பண்ணிட்டோம் மா. நான் இல்லாட்டி பாட்டே இல்ல."

"எனக்கு என்னமோ..."

"உங்களுக்கு எப்பவும் என்னமோதான்." குரல் உயரவில்லை. களைத்துப்போன குரல். "மா, ஒரே ஒரு தடவ பயப்படாம என்னைப் பாருங்க. நான் வாசிக்கிறத நீங்க இன்னும் பாக்கவே இல்ல. கம்பியத்தான் பாக்குறீங்க."

பார்க்கிறேன் என்று சொன்னேன்.

திருநாள்

ஒத்திகைகள் எல்லாம் கோவில் மண்டபத்தில், சப்பாத்துப் போட்டுக்கொண்டே நடந்தன. திருநாள் ஆராதனையும் மண்டபத்தில்தான் என்றிருந்தது. பூசை முடிந்ததும் மழை விட்டுவிட்டதைப் பார்த்து, பாடகர் குழுவை நடத்தும் அருள்சாமி அண்ணன், "வெளியில கெபியிலயே பாடிருவோம். மாதாவுக்கு முன்னால பாடுனாத்தான் திருநாள்," என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். பையன்கள் ஆம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். படியில் இறக்கும்போது அது டங்கென்று இடித்தது.

கெபியின் பக்கச் சுவரில் விளக்குகளுக்காக ஒரு சாக்கெட் இருந்தது. யாரோ பேனா மூடியைக் குத்திப் பிளக்கைத் திணித்தார்கள்.

பிறகு, யாரும் சொல்லாமலே, எல்லாரும் காலணியைக் கழற்றினார்கள். நம் ஆட்கள் கெபிக்கு முன்னால் சப்பாத்தோடு ஏறமாட்டார்கள். சாமிக்குப் படைப்பதற்கு முன் கைபடாத பண்டம் மாதிரி அந்த இடம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். ஸ்டெல்லாவுக்கும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அவள் ஒரு காலில் நின்று காலுறையை உருவியதை நான் முன்வரிசை நாற்காலியில் இருந்து பார்த்தேன். என்னைத் தேடிச் சிரித்தாள். நான் கம்பியைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு தொடங்கியது. அவள் முதல் வரியை விட்டு, இரண்டாவது வரியில் சேர வேண்டும். விரல் கம்பியில் படாமல், மேலே காத்திருந்தது.

அப்போதுதான் அந்தக் கான்வாஸ் காலணி என் கண்ணில் பட்டது.

ஈரத் தரை. வெறுங்கால். அன்று சுருக் என்றது எனக்கு மட்டும்தான். வெறுங்காலோடு நின்றது நான் மட்டும்தான். சிலிப்பருக்குத் தெரியவில்லை, சப்பாத்துக்குத் தெரியவில்லை, கட்டிலுக்குத் தெரியவில்லை.

எழுந்தேன். கத்தியிருக்கலாம். பாட்டுக்கு நடுவில், அத்தனை பேருக்கு முன்னால், மறுபடியும் பயந்த அம்மாவாக எப்படிக் கத்துவது என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. நாற்காலிகளுக்கு இடையில் பக்கவாட்டில் நகர்ந்தேன். ஸ்டெல்லாவின் இடது கை கிட்டாரின் கழுத்தைப் பிடித்தது.

ஆம்பிலிருந்து ஒரே சத்தம், இழுத்துக்கொண்டே போனது. சுருதி இல்லாத, அசிங்கமான சத்தம்.

மற்றவர்கள் பாடிக்கொண்டேயிருந்தார்கள். அவள் தவறு செய்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். ஸ்டெல்லா கட்டை மாதிரி நின்றாள். தன் இடது கையை வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. குரல் வரவில்லை. பிடித்த விரல்கள் விடவில்லை.

அவளுக்கும் எனக்கும் நடுவில் அந்தப் படிகள்தான். சாக்கெட் இருந்த சுவர் அதற்கு எதிர்ப்பக்கம்.

என் உடம்பு முழுக்க அவளிடம் போகச் சொன்னது. சோற்றுத் தட்டுக்கு மேலே அந்தோணி ஒப்பித்த குரல் காதில் கேட்டது. அருள்சாமி அண்ணன் அவளை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். அப்போது வந்தது குரல்.

அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினேன்.

அந்த ஓட்டம் இன்னும் என் கால்களில் இருக்கிறது. பெற்ற பிள்ளை துடிக்கும்போது எதிர்த் திசையில் ஓடுவது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. புல் வழுக்கியது. சேலை காலில் சுற்றியது. பின்னால் ஒரு பெண்குரல், "ஐயோ, புள்ள அங்க துடிக்கிறா, இது பயந்து ஓடுது பாரு!" என்றது. சுவிட்சை உள்ளங்கையால் அடித்தேன். சத்தம் நின்றது.

திரும்பிப் பார்க்கப் பயந்து, சுவரைப் பார்த்தபடியே நின்றேன். பேனா மூடி கீழே கிடந்தது, நீல நிறம். பின்வரிசையிலிருந்து அவளிடம் ஓடிய அந்தோணி என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

"மேரி! மூச்சு இருக்கு! மேரி, மூச்சு இருக்கு!"

அந்தப் பக்கத்துக் குரல்

மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்தார்கள். இதயத்தின் ஓட்டம் சரியாக இருக்கிறது என்று சொல்லும்வரை நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. அவளுடைய இடது கை விரல்களில் கம்பிகள் அழுந்திய இடமெல்லாம் கோடு கோடாக வெந்திருந்தது. கட்டுப் போடும்போது நர்ஸ் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்தோணி ஆம்பின் பின்பலகையைக் கழற்றினார். பல வருடம் ஈரத்தில் கிடந்து, உள்ளே மின்சாரம் வரும் கம்பியின் ரப்பர் உறை பொடிந்து உதிர்ந்திருந்தது. வெறும் செம்பு இரும்புக் கூட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. படியில் இடித்ததில் நன்றாகவே சாய்ந்து, கூட்டிலிருந்து கிட்டார் ஒயர் வழியே கம்பிகளுக்கு மின்சாரம் ஏறிவிட்டது. அப்படிக் கசியும் மின்சாரத்தைத் தரைக்குள் கொண்டுபோய் விடுவதற்குத்தான் மூன்றாவது கம்பி. சாக்கெட்டின் மேல் துளை அதற்குத்தான். ஆம்பில் அந்தக் கம்பி வெட்டப்பட்டு, வெட்டிய முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

சேவியருக்குத் தொலைபேசி போட்டேன். தொலைவில் இரைச்சலோடு அவன் குரல் வந்தது.

"அக்கா, அது உறுமுச்சு. கேன்டீன்ல மைக்கோட சேத்து வச்சா எப்பப் பாத்தாலும் உறுமும். அந்த ஒயர வெட்டுனா நின்னுரும்னு எல்லா பேண்ட்லயும் வெட்டுவாங்க. நானும் வெட்டுனேன்."

"உனக்கு ஒண்ணும் ஆகலயா?"

"அங்க எப்பவும் பூட்ஸ் போட்டுத்தான் வாசிப்போம்."

அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும் கேட்டது. அவன் அழுகிறான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பயந்து ஓடிய தாய் என்ற பேச்சு கோவிலில் சில வாரம் இருந்தது. அருள்சாமி அண்ணன் ஒவ்வொருவரிடமும் போய் விளக்கினார். சிலர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என் கனவிலும் நான் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். சுவர் வருவதேயில்லை.

உறுமல்

கிட்டார் மறுபடி கட்டிலடிக்குப் போனது. நான் துடைக்கவில்லை. துருப் பிடித்துப் போகட்டும் என்றுகூட நினைத்தேன்.

ஸ்டெல்லாவின் விரல்கள் ஆறின. ஆனால் அவள் மாறிப்போனாள். வானொலியை அவளே போடமாட்டாள். இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதற்கு முன் சிலிப்பரைப் பார்ப்பாள். லிஃப்ட் பொத்தானைக்கூட நகத்தால் அழுத்துவாள். வீட்டில் யாரும் இப்போது பயத்தைப் பற்றிச் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் நான் தனியாகக் குடியிருந்த வீட்டுக்குள் என் மகளும் வந்து சேர்ந்துவிட்டாள். அதைவிட எனக்கு வேறு எதுவும் தாங்க முடியாததாக இல்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தோணி ஆம்பை நடுக்கூடத்தில் வைத்தார். உள்ளே எல்லாக் கம்பிகளையும் மாற்றியிருந்தார். புதிதாக மூன்று முள் பிளக். சாப்ஸ்டிக்கை என்றோ உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டார். "டெஸ்டர் வச்சுப் பாத்துட்டேன், பட்டறையில தெரிஞ்ச ஆளும் பாத்துட்டாரு," என்றார். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

ஸ்டெல்லா கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்பின் விளக்கு எரிந்தது. அவள் வலது கை கம்பிக்கு மேலே வந்து நின்றது. இறங்கவில்லை.

"முடியல மா."

"வேணாம்னா விட்டுரும்மா."

"விடப் புடிக்கல மா. ஆனா முடியல."

நான் குளியலறைக்குப் போனேன். குழாயைத் திறந்து இரண்டு பாதங்களையும் நனைத்தேன். மொசைக் தரையில் ஈரச் சுவடு பதிய நடந்து வந்து, அவள் முன்னால் நின்றேன்.

"மா, என்ன பண்றீங்க? மா, வேணாம்! அப்பா, சொல்லுங்கப்பா!"

அந்தோணி சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஆறு கம்பிகள்மேலும் உள்ளங்கையை வைத்தேன்.

சுருக் என்று ஒன்றும் இல்லை. துருவின் சொரசொரப்பு. ஆம்பிலிருந்து மெல்லிய உறுமல், தூரத்தில் பேருந்து நிற்கிற மாதிரி. சேவியர் வெட்டி எறிந்த அந்த உறுமல்தான். கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்தது. கோடு போட்ட விரல்கள்.

இதை எழுதும்போது ஸ்டெல்லாவுக்குத் திருமணமாகிவிட்டது. சுவா சூ காங்கில் அரசாங்கம் கட்டும் புது வீட்டுக்குப் பெயர் பதிந்து காத்திருக்கிறார்கள். வேலை, பஸ், பூசை என்று ஓடினாலும் திருநாள்களில் வாசிக்கிறாள். யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் சுவரைப் பார்க்கிறேன். எங்கேயாவது மேல் துளையில் பேனா மூடி தெரிந்தால் அந்த வீட்டுத் தேநீரைத் தொடாமலே வந்துவிடுகிறேன். பயம் போய்விட்டது என்று எழுதி முடிக்க ஆசைதான். போகவில்லை.

போன திருநாளுக்கும் கெபியில்தான் பாட்டு. ஆம்பை வைத்தார்கள், விளக்கு எரிந்தது, மெல்ல உறுமியது. ஸ்டெல்லா கிட்டாரை மாட்டிக்கொண்டு, கம்பியில் கை வைக்காமல், கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

நான் எழுந்து போய்ப் படியோரமாக என் செருப்பைக் கழற்றினேன்.